பயன் நீங்கிய பொருள்: பிரபாகர் பர்வேயின் ஓவிய வெளி



தமிழில் ‘பொருள்’ என்ற சொல்லுக்கு உள்ள வசதி பிற மொழிகளில் எளிதில் கிடைப்பதன்று. மேசையும் பொருள், மேசை என்ற சொல் உணர்த்துவதும் பொருள். கையால் தொடக்கூடியதையும் மனத்தால் மட்டுமே தொடக்கூடியதையும் ஒரே சொல்லால் வழங்கிப் பழகிவிட்டோம். ஆகவே இரண்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கின்றது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில் நின்றுகொண்டே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஓவியம் வரைந்து கழித்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். மராட்டியத்தைச் சேர்ந்த பிரபாகர் பர்வே என்பவரே அவர். 1936இல் பிறந்து 1995இல் மறைந்தவர்.

இலக்கியத் தொடரில் ஓவியருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அதிலும் வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. ஆனால் பர்வேயைப் பொறுத்தவரை இது பெரிய இடையூறு என்று நான் கருதவில்லை. அவருடைய படங்களில் நீங்கள் அறியாத பொருள் அநேகமாக எதுவும் இல்லை. மணிக்கூடு, இலை, பழம், இறகு, சிப்பி, எழுத்து என்பனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. இவற்றை நான் பெயர் சொன்ன மாத்திரத்திலேயே உங்கள் மனத்தில் ஒவ்வொன்றும் வந்து நின்றிருக்கும். வந்து நின்றவற்றை இனி ஒவ்வொன்றாகச் சற்று தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அகத்திணை மரபைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, பர்வேயின் ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்றை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். வெளிறிய நிறத்தில் ஒரு பரப்பு. அதில் ஒரு மணிக்கூட்டின் முகம். எட்டத்தில் ஓர் இலை. வேறொன்றுமில்லை என்றே முதற் பார்வையில் தோன்றும். முன் வாங்கில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “சேர், இதில என்ன பொருள் இருக்கு?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னரே பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: “பொருள் இருக்குத்தானே, மணிக்கூடும் இலையும். பொருள்தான் இல்லை.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பர்வேயைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பலவற்றைக் காட்டிலும் அந்தப் பின் வாங்கு வாக்கியம் விஷயத்துக்கு மிக அருகில் சென்றுவிட்டது என்றே சொல்வேன்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரபிக் கடலோரமாக, அலிபாக் நகருக்கு அண்மையிலுள்ள நாகாவ் என்ற கொங்கணக் கிராமம் அவருடைய ஊர். சிவாஜி மன்னரின் பெரிய குதிரைச் சிலையை வடித்த சிற்பி வி. பி. கர்மார்கர் அவருக்கு மூத்த உறவினர். பம்பாயின் ஜே. ஜே. கலைக் கல்லூரியில் பயின்று 1959இல் வெளியேறினார். சூசா, ரஸா, ஹுசைன் முதலியோர் 1947இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழு, இந்திய நவீன ஓவியத்துக்கு வாயிலைத் திறந்துவிட்டிருந்த காலத்துக்கு அடுத்த தலைமுறை இவருடையது. வாயில் ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே சென்று என்ன செய்வது என்பதே இத்தலைமுறையின் கேள்வியாக இருந்தது.

பர்வேக்குக் கிடைத்த வேலை ஓவியக்கூடத்தில் அன்று, நெசவில். கைத்தறியை வளர்ப்பதற்கென இந்திய அரசு அமைத்த நெசவாளர் சேவை நிலையங்கள், நெசவாளருக்குப் புதிய வடிவங்களை வரைந்து கொடுக்க நவீன ஓவியர்களை வேலைக்கு அமர்த்தின. அக்காலத்தில் இந்தியாவின் நல்ல ஓவியர் பலருக்குச் சோறு போட்டது படச் சந்தையன்று, கைத்தறியே. பர்வே 1960களின் தொடக்கத்தில் காசியிலுள்ள நிலையத்தில் பணியாற்றினார். பின்னர் பம்பாய் நிலையத்துக்கு வந்து 1980களின் தொடக்கம் வரை அங்கிருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

இந்த இருபது ஆண்டுகளை அவர் வயிற்றுப்பாட்டுக்காகக் கழித்த காலம் என்று மட்டும் கொள்வது சரியாகாது. காசிப் பட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புட்டாவின் அழகு புட்டாவில் மட்டும் இருப்பதில்லை, ஒரு புட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் விடப்படும் வெறும் சீலையின் அளவிலும் இருக்கின்றது. நெருக்கி வைத்தால் இரைச்சல். அகற்றி வைத்தால் ஒன்றோடொன்று பேசாமல் தனித்துப்போகும். நெசவுக்கு வடிவம் வரைபவருடைய கைக்கு இந்த இடைவெளிக் கணக்குத் தானாகவே படிந்துவிடும். பர்வேயின் பிற்கால ஓவியங்களில் பொருள்களுக்கு இடையில் கிடக்கும் வெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தறியே நினைவுக்கு வருகின்றது.

காசி அவருக்கு வேறொன்றையும் கொடுத்தது. 1960களில் இந்திய ஓவியர் பலரைத் தாந்திரிக மரபு ஈர்த்தது. பிரேன் டே, ஜி. ஆர். சந்தோஷ் முதலியோர் யந்திர வடிவங்களையும் பிந்துவையும் முக்கோணத்தையும் நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தனர். பர்வேயும் அந்த வழியில் சில ஆண்டுகள் நடந்தார். பின்னர் விலகிக்கொண்டார். ஏன் விலகினார் என்பதற்கு என்னளவில் ஒரு விளக்கம் உண்டு. தாந்திரிக வடிவம் ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளோடுதான் பிறக்கின்றது. கீழ்நோக்கிய முக்கோணம் என்றால் சக்தி; அதை ஓவியர் மாற்றி எழுத முடியாது. வடிவமும் கருத்தும் முன்னரே திருமணம் செய்துகொண்டு வந்து நிற்கும்போது, ஓவியருக்கு அங்கே செய்ய மிஞ்சுவது அலங்காரம் மட்டுமே. பர்வேக்கு வேண்டியிருந்தது எவருடைய சமயத்துக்கும் சொந்தமில்லாத சாதாரணப் பொருள். அது அவருடைய மேசை மேலேயே கிடந்தது.

சரி, அந்தப் பொருளை அவர் என்ன செய்தார்?

நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுத்தார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். மரம், மண் என்பவற்றுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் பதிலில்லை. முன்னோர் இட்ட குறி, அவ்வளவே. ஆனால் நாற்காலி, மணிக்கூடு என்பவை காரணப் பெயர்கள். பெயரிலேயே வடிவமோ தொழிலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நம் வீட்டுப் பொருள்களுள் பல இத்தகையவையே. அவை நமக்கு வேலை செய்கின்றன. அந்த வேலையாகவே அவற்றைக் காண்கின்றோம். மணிக்கூட்டைப் பார்க்கிறோம் என்று சொல்கின்றோமே, உண்மையில் நாம் பார்ப்பது மணியை. மணிக்கூட்டை அன்று. எத்தனை ஆண்டுகள் சுவரில் தொங்கினாலும் அதன் முள் எந்த வடிவமென்று கேட்டால் நம்மிற் பலர் திகைத்துப் போவோம்.

பர்வே செய்தது காரணத்தைக் கழற்றிவிட்டதே. அவருடைய மணிக்கூட்டில் மணி பார்க்க இயலாது. வட்டம் இருக்கும், முள் இருக்கும், நேரம் இராது. இலை இருக்கும், அது தொங்கும் கிளை இராது. எழுத்து இருக்கும், அது சேர்ந்து உருவாக வேண்டிய சொல் இராது. சில வேளை ஒரு பொருளின் கோட்டுருவம் ஓரிடத்திலும் அதன் நிழல் வேறோரிடத்திலுமாக, இரண்டும் தனித்தனிப் பிரசைகள் போல நடமாடும். அளவுகளும் மாறிவிடும். இறகொன்று மலை போல இருக்க, அதனருகில் வேறொன்று கடுகாகக் கிடக்கும். இப்படி வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பொருளை முதன்முறையாகப் பார்க்கின்றோம். காரணப் பெயரை இடுகுறிப் பெயராக மாற்றிவிடுகின்றார் எனலாம்.

இதை அரூப ஓவியம் என்று சொல்லலாமா என்பதில் விமரிசகரிடையே ஒருமைப்பாடு இல்லை. அரூபம் என்றால் உருவம் இல்லாதது என்றே தமிழில் பொருள் கொள்கின்றோம். அந்த அளவுகோலின்படி பர்வே அரூப ஓவியர் அல்லர். அதே ஜே. ஜே. கல்லூரியிலிருந்து வந்த மூத்தவரான கைத்தொண்டே இலையையும் மணிக்கூட்டையும் முற்றாகத் துறந்துவிட்டு நிறத்தையும் ஒளியையும் மட்டும் வைத்துக்கொண்டார். அது ஒரு வழி. ஆனால் ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் இலத்தீன் வேரைப் பார்த்தால், ‘இழுத்துப் பிரித்தெடுத்தல்’ என்பதே அதன் முதற் கருத்து. அப்படிப் பார்த்தால் பர்வே செய்ததும் அதுவே. கைத்தொண்டே படத்திலிருந்து பொருளைப் பிரித்தெடுத்தார். பர்வே பொருளிலிருந்து பயனைப் பிரித்தெடுத்தார். இரண்டாவது வேலை சற்றுக் கடினமானது என்பது என் எண்ணம். பொருளைக் காட்டிக்கொண்டே அதன் பயனை மறக்கச் செய்தல் வேண்டும் அல்லவா?

அவர் பயன்படுத்திய வண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பின்னாளில் அவர் பெரிதும் கையாண்டது எனாமல் பெயின்ற். கதவுக்கும் யன்னலுக்கும் நாம் பூசுகின்றோமே, அதே தகரப் பேணி வண்ணம்தான். எண்ணெய் வண்ணம் தூரிகையின் ஒவ்வோர் அசைவையும் காட்டிக் கொடுக்கும். ஓவியரின் கையெழுத்துப் போல. எனாமல் அப்படியன்று. பூசியதும் தானாகப் பரவிச் சமப்பட்டு, தூரிகைத் தடத்தை விழுங்கிவிடும். கை மறைந்துவிடும். அன்றாடப் பொருளை வரைய அன்றாட வண்ணத்தையே எடுத்துக்கொண்டார் என்பது ஒரு பொருத்தம். தம் கையின் ஆரவாரத்தையும் அடக்கிக்கொண்டார் என்பது அதைவிடப் பெரிய பொருத்தம். என்னிடம் உள்ளவை அச்சுப் பிரதிகளே. அவற்றிலும்கூட அந்த அமைதி தெரிகின்றது.

இனி வெளிக்கு வருவோம். நாம் பொதுவாக ஓவியத்தில் பொருளைப் பார்க்கின்றோம். மிச்சத்தைப் ‘பின்னணி’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றோம். ஐரோப்பிய ஓவியம் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து நமக்குப் பழக்கியது அதுதான்: வெளி என்பது ஓர் அறை, பொருள்கள் அதனுள் வைக்கப்பட்ட தளபாடங்கள், தொலைவில் ஓர் அடிவானக் கோடு. பர்வேயின் படத்தில் அந்த அறை இல்லை. ஒரு மெல்லிய கோடு ஓடும்; அது மேசையின் விளிம்பா, கடலும் வானமும் சேருமிடமா என்று தீர்மானிக்க முடியாது. மேசையென்று எண்ணினால் பழம் பழமாக இருக்கும். கடலென்று எண்ணினால் அதே பழம் ஒரு தீவாகிவிடும். பொருளை மாற்றாமல், அது இருக்கும் வெளியை மட்டும் மாற்றிப் பொருளை வேறொன்றாக்கிவிடுகின்றார். கடலோர ஊர்க்காரர் என்பதால் இந்தக் கோட்டின் மீது அவருக்குப் பிரியம் இருந்திருக்கலாம்.

அகத்திணை வகுப்புக்கு இந்தப் படத்தைக் கொண்டு சென்றதற்குக் காரணமும் இதுவே. நம் இலக்கண மரபு பாடுபொருளை முதல், கரு, உரி என்று பகுக்கின்றது. முதற்பொருள் என்பது எது? நிலமும் பொழுதும், அதாவது வெளியும் காலமும். அவற்றையும் ‘பொருள்’ என்றே சொல்லி, முதலிடமும் கொடுத்தார்கள். மரம், விலங்கு, பறவை, பறை ஆகிய கருப்பொருள்கள் அதற்கடுத்தே வருகின்றன. மனித உணர்வாகிய உரிப்பொருள் இவற்றினூடாகவே வெளிப்படுகின்றது. வெளி என்பது பின்னணி அன்று, அதுவே முதல் என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மரபொன்று ஏற்றுக்கொண்டிருக்கின்றது. பர்வே தொல்காப்பியம் படித்தவர் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி எவரேனும் கட்டுரை எழுதினால் அதை நம்பவும் வேண்டாம். ஆனால் அந்த இலக்கணத்தைக் கற்ற ஒருவர், மணிக்கூடும் இலையும் வெறும் பரப்பும் கொண்ட ஒரு படத்தின் முன் அந்நியராக நிற்க வேண்டியதில்லை. காலம் இருக்கின்றது, வெளி இருக்கின்றது, கருப்பொருள் இருக்கின்றது. உரிப்பொருள் எங்கே என்பதே கேள்வி.

இங்கேதான் ஒப்புமை முடிந்து வேற்றுமை தொடங்குகின்றது. கொன்றை பூத்தால் கார்காலம், முல்லை, காத்திருத்தல் என்று சங்கப் புலவருக்கும் அவருடைய கேட்போருக்கும் இடையில் ஓர் உடன்பாடு இருந்தது. கொன்றையைச் சொன்னால் போதும், தலைவியின் மனம் தெரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டுப் பம்பாயில் மணிக்கூட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையில் அத்தகைய உடன்பாடு எதுவும் இல்லை. இருந்தால்கூட அது ‘நேரமாகிவிட்டது, வேலைக்கு ஓடு’ என்ற உடன்பாடாகவே இருக்கும். தாந்திரிகத்திடம் தயாராகக் கிடைத்த உடன்பாட்டை வேண்டாமென்று வைத்தவர், புதிய உடன்பாடு எதையும் எழுதித் தரவுமில்லை. உரிப்பொருளுக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பார்ப்பவரை அங்கே நிறுத்திவிடுகின்றார். என் மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சையில் புள்ளி கிடைக்கும் விடை அங்கே இல்லை என்பது ஒரு காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வினாத்தாளை அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்.

பர்வே மீது வைக்கப்படக்கூடிய பெரிய குற்றச்சாட்டு வேறொன்று. மக்கள் எங்கே? நெசவாளரோடு இருபது ஆண்டுகள் இருந்தவருடைய படத்தில் ஒரு நெசவாளரின் முகம்கூட இல்லையே, இது நடுத்தர வர்க்கத்து அறையொன்றில் இருந்துகொண்டு பொழுதுபோக்காகப் போடும் புதிர்தானே என்று கேட்கலாம். முற்போக்கு இலக்கிய மரபில் வளர்ந்த நமக்கு இக்கேள்வி இயல்பாகவே எழும். இதை முற்றாகத் தள்ளிவிடவும் என்னால் இயலாது. அவருடைய படங்களுள் சில வெறும் சாதுரியமாகவே நின்றுவிடுகின்றன. இதையும் அதையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்து, ஒன்றும் ஆகாமற் போனவை. ஆனால் சிறந்த படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

தமிழகத்தார் சாவி என்பதை யாழ்ப்பாணத்தில் நாம் ‘திறப்பு’ என்போம். இதைவிடச் சுத்தமான காரணப் பெயர் வேறு கிடையாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நான் பள்ளி மாணவன். என் அம்மம்மா வீட்டைப் பூட்டி, திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பிச் சென்றபோது வீட்டில் கதவு இல்லை. கதவின் நிலையும் இல்லை. திறப்பு மட்டும் இருந்தது. அம்மம்மா அதை எறியவில்லை. அலுமாரியில் வைத்தார், இன்று அது என் மேசை லாச்சியில் கிடக்கின்றது. எதையும் திறக்காத திறப்பு. அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் அதன் பல்லின் வடிவம், பிடியின் வளைவு, அம்மம்மாவின் விரல் தேய்த்த இடம் எல்லாம் என் கண்ணுக்குப் படுகின்றன. கதவு இருந்த காலத்தில் இவற்றில் ஒன்றையும் எவரும் பார்த்ததில்லை.

இதைச் சொல்லிப் பர்வேயை நம்முடைய துயரத்துக்குச் சாட்சியாக இழுக்க நான் முயலவில்லை. அவர் அமைதியான நகரமொன்றில் இருந்து தம் வேலையைச் செய்தவர். நாங்கள் தென்மராட்சியில் மரத்தடிகளில் இருந்த அதே டிசெம்பரில் அவர் பம்பாயில் காலமானார் என்பது வெறும் காலப் பொருத்தம். ஆனால், பயனை இழந்த ஒரு பொருள் பொருளற்றுப் போவதில்லை என்பதை எங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தத் திறப்புக்குச் சம்பவங்கள் செய்ததை, மணிக்கூட்டுக்கும் இலைக்கும் பர்வே தம் தூரிகையால், ஒரு வன்முறையுமின்றிச் செய்தார். மக்கள் எங்கே என்று கேட்டால், பொருளைப் பயன்படுத்திவிட்டு அகன்றவர்களாக, அல்லது இனிமேல்தான் வர இருப்பவர்களாக, அந்தக் காலியிடத்தில் நிற்கின்றார்கள் என்பேன்.

பர்வே ஓவியத்தோடு நிற்கவில்லை, எழுதினார். ‘கோரா கன்வாஸ்’ என்ற அவருடைய நூல் 1990இல் மராத்தியில் வெளிவந்தது. பின்னர் சாந்தா கோகலே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஓவியர் தம் தொழிலின் நுட்பங்களை, உருவத்துக்கும் வெளிக்கும் உள்ள உறவை, ஒரு படம் மனத்தில் தோன்றிப் பரப்புக்கு வந்து சேரும் வழியை, தம் தாய்மொழியில் நூலாக எழுதியிருக்கின்றார். தமிழாசிரியனாகிய எனக்கு இதிலே கொஞ்சம் பொறாமை உண்டு. நம்முடைய ஓவியர் வரைகின்றனர். அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுகின்றனர். ஓவியரே தம் சிந்தனையைத் தமிழில் நூலாகத் தருவது அரிது. தலைப்பில் உள்ள ‘கோரா’ என்ற சொல்லும் அழகானது. எழுதப்படாத தாளையும் அச்சொல் குறிக்கும். இன்னும் நனைக்காத, உடுத்தாத புதுத் துணியையும் குறிக்கும். நாம் ‘கோடி’ என்கின்றோமே, அது. வெற்றுக் கன்வஸ் என்று மொழிபெயர்த்தால் வெறுமை மட்டுமே மிஞ்சும். கோடிச் சீலை என்றால் அதன் மொரமொரப்பும் வாசனையும், இனி நடக்கப்போகும் ஒன்றுக்காக அது காத்திருப்பதும் சேர்ந்து வரும். நெசவோடு இருபது ஆண்டு இருந்தவர் இந்தச் சொல்லைத் தெரிந்தேதான் எடுத்திருப்பார்.

சுவிஸ் நாட்டில் பிறந்த பௌல் கிளே என்ற ஓவியர் மீது அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. கிளேயும் வரைந்ததோடு நில்லாமல் வரைதலைப் பற்றிச் சிந்தித்து எழுதியவர். அம்பு, எழுத்து, மீன் என்று சிறு குறிகளைப் பரப்பில் மிதக்கவிட்டவர். பர்வேயைக் கிளேயின் வாரிசு என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. கிளேயின் படத்தில் குழந்தையின் குறும்பு இருக்கின்றது. பர்வேயிடம் அது இல்லை. ஒரு கணக்காளரின் பொறுமையே இவரிடம் காணப்படுவது. பேரேட்டில் ஒவ்வொரு பொருளையும் பதிந்துவிட்டு, எதிரேயுள்ள பத்தியை வேண்டுமென்றே எழுதாமல் விடும் கணக்காளர்.

உயிரோடு இருந்தபோது அவருக்குப் பரிசுகள் கிடைக்காமல் இல்லை. 1976இல் லலித் கலா அகாதமியின் தேசிய விருதும் கிடைத்தது. எனினும் ஹுசைன் போலப் பொதுமக்கள் அறிந்த பெயராக அவர் ஒருபோதும் ஆகவில்லை. மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னர், 2019 பெப்ரவரியில் மும்பையின் தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்களும் குறிப்பேடுகளும் பெரிய கண்காட்சியாக வைக்கப்பட்டன. தொடக்க விழாவில் நடிகரும், தாமே ஓவியம் பயின்றவருமான அமோல் பாலேகர் கலைக்கூட நிர்வாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இடைமறிக்கப்பட்டார். பத்திரிகைகளில் பர்வேயைவிட அந்தச் செய்தியே பெரிதாக வந்தது. அது இங்கே நமக்கு வேண்டியதில்லை. கண்காட்சிக்கு இட்டிருந்த தலைப்பு ‘வெற்றுப் பெட்டியின் உள்ளே’ என்பது. அங்கே வைக்கப்பட்ட குறிப்பேடுகளில் அவருடைய எழுத்தும் கோட்டுப்படங்களும் அடுத்தடுத்து வருகின்றன. அவருக்கு எழுதுவதும் வரைவதும் ஒரே மேசையில் நடந்தவை.

பர்வேயின் படம் எங்கேனும் உங்கள் கையில் அகப்பட்டால், இது எதைக் குறிக்கின்றது என்று உடனே கேட்காதீர்கள். முதலில் பொருளை எண்ணுங்கள். பிறகு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகின்றது, அது உண்மையிலேயே அந்தப் பொருளின் நிழல்தானா என்று பாருங்கள். ஒரு பொருளை விரலால் மறைத்துவிட்டு மற்றது என்ன ஆகின்றது என்று பாருங்கள். இலையை மறைத்தால் மணிக்கூடு வெறும் மணிக்கூடாகிவிடும். இலையைத் திரும்பக் கொடுத்தால் மணிக்கூட்டுக்குள்ளும் ஏதோ வாடத் தொடங்கும். இதைச் செய்வதற்குச் சித்திரப் பாடத்தில் திறமைச் சித்தி வேண்டியதில்லை.

அன்றைய வகுப்பின் முடிவில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும்; ஆனால் அது எதற்குப் பயன்படுகின்றது என்று ஓரிடத்திலும் சொல்லக்கூடாது, பெயரையும் சொல்லக்கூடாது. பலர் விடுகதை எழுதிக்கொண்டு வந்தார்கள். பின் வாங்கில் இருந்து பேசிய அந்த மாணவர் எழுதியது அரிசி அளக்கும் கொத்தைப் பற்றி. வாய் வட்டமானது, விளிம்பில் ஒரு நெளிவு, அடியில் யாரோ கீறிய இரண்டு எழுத்துகள், உள்ளே எப்போதும் சிறிது வெள்ளைத் தூசி, கவிழ்த்து வைத்தால் சத்தம் வேறு நிமிர்த்தி வைத்தால் சத்தம் வேறு என்று எழுதிக்கொண்டு போய், ஒன்பதாவது வரியோடு நிறுத்தியிருந்தார். பத்தாவது வரி எங்கே என்று கேட்டேன். “அது வெறுமனே இருக்கட்டும் சேர்” என்றார்.